நீல நோட்டில் எழுதாதது

ஆண்கள் பொது வார்டில் அவள் பொறுப்பு சிஸ்டராக இருந்த பதினோரு வருடத்தில் யாரோ ஒரு நோயாளி வைத்த பெயர் அது: கறார். பார்வையாளர் நேரம் ஐந்து மணி வரை என்றால் ஐந்து அடித்த மறு நிமிடம் கதவருகே வந்து நிற்பாள். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அடுத்த கட்டிலுக்கு நகர்வாள். சிகரெட்டோடு கழிப்பறைக்குள் போன வக்கீல் ஒருவரை வெளியிலேயே நாற்பது நிமிடம் காத்திருந்து பிடித்தாள். கோர்ட்டில்கூட இப்படி ஒரு சாட்சியைப் பார்த்ததில்லை என்று அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாராம். பெயர் வார்டைத் தாண்டி கேன்டீன், மருந்தகம், ஆம்புலன்ஸ் டிரைவர்கள் வரை பரவிவிட்டது. அவள் காதிலும் விழுந்தது. கண்டுகொள்ளாத மாதிரி இருந்தாள். உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

அவளோடு அதே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் நெட்டை. நர்சிங் பள்ளியில் மூன்று வருடம் இருவரும் ஒரே அறை. மற்றவர்கள் ஸ்டூல் போட்டு எட்டி எட்டி மாட்டுகிற சலைன் பாட்டிலை நெட்டை நின்ற இடத்திலிருந்தே மாட்டுவாள். ஆஸ்பத்திரி தைத்துக் கொடுத்த யூனிஃபார்ம் எதுவும் அவளுக்குக் கணுக்கால் வரை வந்ததில்லை. குணத்தில் இவளுக்கு நேர் எதிர். நோயாளியோடு வாயாடிக்கொண்டே ஊசியை ஏற்றிவிடுவாள், அவனுக்கு ஏறியதே தெரியாது. பதவி உயர்வுக்கான பரீட்சையை மூன்று முறை எழுதச் சொல்லிக் கறார் கெஞ்சியிருக்கிறாள். எனக்கும் நாற்காலிக்கும் ஒத்துவராது, கால் இடிக்கும் என்று சொல்லிவிட்டு நெட்டை ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கணவன் இறந்த பிறகு தங்கச்சி வீட்டோடு இருந்தாள். தங்கச்சியின் இரண்டு பெண்களும் இவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டார்கள்.

நாற்பத்தாறு வயதில் கறார் அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் கண்காணிப்பாளர் ஆனாள். இருநூற்றுப் பத்து நர்சுகளுக்குத் தலைவி. நாற்காலியில் உட்கார்ந்த முதல் மாதமே தலைமைப் பயிற்சிக்கு என்று ஐந்து நாள் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய மண்டபம், கழுத்தில் அட்டை, வட்ட மேசை. முதல் இரண்டு நாளும் தூக்கத்தை அடக்குவதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது. மூன்றாம் நாள் பேச வந்தவள் ஒல்லியான ஒரு வயதான நர்ஸ். அவள் திரையில் எதையும் காட்டவில்லை. நின்றபடி கேட்டாள்: உங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தப்புச் செய்தால் முதலில் யாரிடம் சொல்வாள்? யாரிடமும் சொல்லமாட்டாள், அதனால்தான் அதே தப்பை அடுத்த மாதம் இன்னொருத்தி செய்கிறாள் என்று அவளே பதிலும் சொன்னாள்.

கறாருக்கு அது ஊசி மாதிரி இறங்கியது. ஊர் திரும்பிய மறுநாள் கடையில் நீல அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று வாங்கினாள். பொறுப்பு சிஸ்டர்கள், ஸ்டாஃப் நர்சுகள் என்று வரமுடிந்தவர்களை எல்லாம் வகுப்பறையில் கூட்டி, முதல் பக்கத்தில் தானே எழுதியதை எழுந்து நின்று வாசித்தாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எட்டாம் கட்டிலுக்குப் போடவேண்டிய இன்சுலினை ஒன்பதாம் கட்டிலுக்குப் போட்டது. அந்த ஆள் வியர்த்துக் கொட்டி மயங்கியதும் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றியது. சாப்பிடாமல் இருந்ததால் மயங்கினார் என்று டாக்டரிடம் சொன்னது. கறாரா இது என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பின் வரிசையில் இருந்த நெட்டைக்கே அது அன்றுதான் தெரியும்.

“இதுல எழுதினதுக்காக யார் மேலயும் நடவடிக்கை வராது” என்றாள் கறார். “அதுக்கு நான் பொறுப்பு.”

நோட்டுக்குப் பாவமன்னிப்பு நோட்டு என்று பெயர் விழ இரண்டு நாள்கூட ஆகவில்லை. என்ன, இன்னைக்கு மண்டி போட்டாச்சா என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டார்கள். கேலி செய்துகொண்டே எழுதவும் செய்தார்கள். ஆறு மாதத்தில் நாற்பத்துமூன்று பக்கம் நிறைந்தது. குளியலறையில் கைப்பிடி இல்லாமல் வழுக்கிய கதை, ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்த கதை, பொட்டாசியம் ஆம்பூல் என்கிற சிறு குப்பியும் மருந்து கலக்குகிற வெறும் தண்ணீர் ஆம்பூலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால் மாற்றி எடுத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்த கதை. ஒவ்வொன்றையும் கறார் விடாப்பிடியாகத் துரத்தினாள். கைப்பிடி வந்தது. பொட்டாசியத்துக்கு எல்லா வார்டிலும் சிவப்பு மூடி போட்ட தனி டப்பா வந்தது. ஸ்டோரிலிருந்து சரக்கு வந்ததும் ஒரு நர்ஸ் உட்கார்ந்து பிரித்து அடுக்கவேண்டும், நரம்பில் போகும் எந்த மருந்தையும் இரண்டு பேர் பார்த்த பிறகே ஏற்றவேண்டும் என்று விதி வந்தது. வீட்டுக்கு வந்தால் அவள் இதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அவள் கணவர், கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் முகத்தில் இப்படி ஒரு களையைப் பார்த்ததில்லை என்று மகளிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரி இயக்குநருக்கும் நோட்டு பிடித்துப்போயிற்று. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினார். கறார் வியாழக்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை நர்சுகளுக்கு வகுப்பு எடுக்க ஏற்பாடு செய்ததும் அவர் தயவில்தான். வார்டை எப்படி நடத்துவது, டாக்டரிடம் எப்படி மறுத்துப் பேசுவது, பயப்படாமல் எப்படிச் சொல்வது. எடுத்துக்கொண்டது எல்லாம் நல்ல விஷயம்தான். வகுப்புக்கு வருகிறவளின் இடத்தில் வார்டில் நிற்க ஆள் கொடுங்கள் என்று மட்டும் மூன்று முறை எழுதிக் கேட்டாள். மூன்று முறையும் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

தரச் சான்று கொடுக்கும் குழு சோதனைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. நான்கு பேர் வகுப்பறையில் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள், கூடவே இயக்குநரும். இருக்கை ஒன்றுகூடக் காலியாக இருக்கக்கூடாது என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். ஆண்கள் வார்டிலிருந்து, காலை ஷிஃப்ட் முடித்த இருவரையும் சேர்த்து, மூன்று பேர் வந்தார்கள். வார்டில் முப்பத்தெட்டு நோயாளிகளோடு நெட்டை தனியாக நின்றாள்.

இரண்டு மணி நாற்பது இருக்கும். வகுப்பறைச் சுவரில் இருந்த உள் தொலைபேசி மணியடித்தது. கறார் பாதிப் பேச்சில் எடுத்தாள். நெட்டைதான்.

“ஒருத்தியயாவது அனுப்புடி. ஊசி நேரம் தாண்டிப்போச்சு. ரெண்டு பேர் பாக்கணும்னு நீதானே சொன்ன, இங்க இன்னொருத்தி எங்க இருக்கா? சரக்கு வேற பிரிக்காம அப்படியே கெடக்கு.”

கறார் திரும்பிப் பார்த்தாள். குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் புருவத்தை உயர்த்தினார்.

“ஒரு மணி நேரம்தான்” என்றாள் மெதுவாக. “கொஞ்சம் சமாளி.”

அந்தப் பக்கத்திலிருந்து சரி என்று ஒரு சொல். தொலைபேசியை வைத்துவிட்டுக் கறார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். உதவி கேட்பது பலவீனம் இல்லை என்பது அன்றைய பாடம்.

இருபத்திரண்டாம் கட்டிலில் இருந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், ஐம்பத்திரண்டு வயது. காலில் புண் பழுத்து வந்து, ஏழு நாள் மருந்தில் நன்றாகத் தேறி, மறுநாள் வீட்டுக்குப் போக இருந்தவர். தூளாக இருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றவேண்டும். கடைசி ஊசி. காலையில் வந்த சரக்கைப் பிரித்து அடுக்கவேண்டிய நர்ஸ் வகுப்பில் இருந்தாள். அட்டைப்பெட்டியிலிருந்து கடைநிலை ஊழியர் ஒருவர் இரண்டு வகை ஆம்பூல்களையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டுப் போயிருந்தார். நெட்டை எடுத்தது பொட்டாசியம், நேராக நரம்பில் ஏறினால் நெஞ்சை நிறுத்திவிடுவது.

ஊசி பாதி ஏறும்போது அவர் கை எரியுது சிஸ்டர் என்றார். கொஞ்சம் எரியத்தான் செய்யும் என்றாள் நெட்டை. வேனில் இவள் தங்கச்சி மகளை இலவசமாக ஏற்றிக்கொண்டு போவதாக அவர் ஏதோ வாக்குக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம். அப்படியே தலை சாய்ந்தது. அவர் மனைவி டீ வாங்கக் கேன்டீனுக்குப் போயிருந்தாள். நெட்டை கட்டில்மேல் ஏறி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். டாக்டர்கள் ஓடிவந்து அவளை இறக்கிவிடும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் பாடுபட்டும் பலனில்லை. தட்டில் கிடந்த காலி ஆம்பூலை எடுத்து வாசித்தவளும் அவள்தான். டாக்டரிடம் நீட்டி, இதத்தான் போட்டிருக்கேன் என்றாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால், புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று எழுதி முடித்திருப்பார்கள். அதை அங்கே நின்ற எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

மாலை ஐந்தரை மணிக்கு நெட்டை கண்காணிப்பாளர் அறைக்கு வந்தாள். முழங்கால் வரை மட்டுமே வந்த அந்த யூனிஃபார்மில் மருந்துக்கறை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கி, அலமாரி மேல் வைத்து நின்றபடியே எழுதினாள். எழுதி முடித்து நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு நெட்டை போய்விட்டாள். கறார் வாசித்தாள். ஆம்பூல் மாறியது, ஒருத்தியே பார்த்தது, அவர் எரியுது என்றது, தான் சொன்ன பதில் எல்லாம் நேரத்தோடு இருந்தது. இரண்டு நாற்பதுக்கு வந்த தொலைபேசி மட்டும் இல்லை.

திரும்பவும் வாசித்தாள். இல்லை. அந்த நிமிடத்தில் தன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்ததை அவளால் பிறகு எந்தக் காலத்திலும் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை இயக்குநர் நோட்டைக் கேட்டார். எழுதினவர்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவள் தயங்கினாள். ஆள் செத்திருக்கு சிஸ்டர், இது விளையாட்டு இல்ல என்றார் அவர். நோட்டு முழுவதையும் புரட்டினால் விசாரணைக் குழுவுக்கே உண்மை விளங்கும், ஆள் பற்றாக்குறை தானாக வெளியே வரும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு கொடுத்தாள். குழு ஒரே ஒரு பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு நோட்டைப் பூட்டி வைத்தது.

விசாரணையில் அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். இது அவங்க கையெழுத்துதானா? ஆமாம். இரண்டு பேர் பார்க்கவேண்டும் என்பது விதியா? ஆமாம். அந்த விதி அவங்களுக்குத் தெரியுமா? தெரியும். எதிரே, சுவர் ஓரமாக நெட்டை உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியில் நிஜமாகவே அவளுக்குக் கால் இடித்தது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டார். கறார் தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள்.

“இல்லை” என்றாள்.

நெட்டையை வேலையிலிருந்து நீக்கினார்கள். நர்சிங் கவுன்சில் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை அடித்தது. தனிப்பட்ட ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு என்று ஆஸ்பத்திரி அறிக்கை விட்டது. தரச் சான்றும் வந்து சேர்ந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

கறார் கணவரிடம் மட்டும் தொலைபேசி விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்தவர். “கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்? அவங்களே எழுதல. நீ ஏன் வலியப் போய் மாட்டிக்கணும்?” என்றார். அவள் அதைத்தான் கேட்க விரும்பியிருந்தாள் போல. தலையாட்டினாள். நெட்டைக்கு ஒரு போன் போடவேண்டும் என்று தினமும் நினைத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் தினமும் தள்ளிப்போட்டாள். அப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது.

நோட்டைப் பூட்டி வைத்ததால் புதிதாக ஒரு நீல நோட்டு வாங்கி அதே இடத்தில் வைத்திருந்தாள். அதில் ஒரு வரி ஏறவில்லை. வியாழக்கிழமை வகுப்பில் எல்லோரும் ஆஜர். கேள்வி கேட்டால் பாடப்புத்தகப் பதில் வரும். நடைபாதையில் இவள் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். முன்பெல்லாம் கறார் என்று கூப்பிட்டவர்கள் இப்போது மேடம், மேடம் என்றார்கள். அந்த மரியாதைதான் அவளை அதிகம் அறுத்தது.

ஐந்தாம் மாதத்தில் எலும்பு வார்டில் எண்பது வயதுக் கிழவர் ஒருவர் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தார். வார்டில் இருந்த நர்ஸ், வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆனவள், ஊழியர் ஒருவரோடு சேர்ந்து தூக்கிப் படுக்கவைத்தாள். காயம் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மாலைக்குள் கிழவர் குழறினார், மறுநாள் கண் திறக்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மண்டைக்குள் ரத்தம் கட்டி நேரம் கடந்திருந்தது. அவர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். விழுந்தார் என்ற ஒரு சொல் டாக்டர் காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருப்பார்கள்.

கறார் அந்தப் பெண்ணை அறைக்குக் கூப்பிட்டாள். அதட்டவில்லை. ஏன் சொல்லல என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் அழுது ஓய்ந்திருந்தாள், கண் வீங்கியிருந்தது. நேராகப் பார்த்துப் பேசினாள்.

“நெட்டை அக்கா உண்மையச் சொன்னாங்களே, மேடம்.”

கறார் அவளைப் போகச் சொன்னாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, வேலை நேரம் முடிய இன்னும் மூன்று மணி இருக்கும்போது, இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே நடந்தாள்.

நெட்டை இருந்த தங்கச்சி வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்த தங்கச்சி உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டாள். நெட்டை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி, படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெண்ணைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டிவிடுகிற வேலை. நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. அந்த வீட்டில் ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள். கறாரைப் பார்த்ததும் செருப்பு மாட்டப்போன காலை இழுத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். அதனால் இன்னும் உயரமாகத் தெரிந்தாள்.

கறார் கிழவர் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் சொன்னதைச் சொன்னாள். நெட்டை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் போன் பண்ணத எழுதல” என்றாள் கடைசியில். “ஏன்னு நீ ஒரு நாளும் கேக்கல.”

“பயந்துட்டேன்டி.”

“ரெண்டு பேரும் போனா யார் பேசுறதுன்னு நெனச்சேன். நீயாவது உள்ள இருந்தா எனக்காக வாயத் திறப்பேன்னு நெனச்சேன்.” குரலை உயர்த்தவில்லை. நோயாளியின் நிலவரத்தை அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கிற மாதிரி சொன்னாள். “விசாரணைல அந்த ஆள் உங்கிட்ட வேற ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாரு பாரு. அப்ப உன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்.”

கறார் அழுதாள். நெட்டை அழவில்லை. தப்பு என் கையால்தான் நடந்தது, அதை யாராலும் மாற்ற முடியாது, அந்த மனுஷன் எரியுது என்று சொன்னது தினமும் காதில் கேட்கிறது என்றாள். நேரமாகிறது என்று எழுந்துகொண்டாள். படியில் இருவரும் சேர்ந்துதான் இறங்கினார்கள். தெருவில் நெட்டை வலதுபக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்துபோனாள்.

நெட்டையின் மேல்முறையீடு கவுன்சிலில் இரண்டு மாதமாகக் கிடந்தது. கறார் தானே போய் மனுக் கொடுத்து, தன்னைச் சாட்சியாக அழைக்கச் சொன்னாள். கணவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். விசாரணை நாளன்று அவளோடு பஸ்ஸில் ஏறி வந்து கவுன்சில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து பேர் கொண்ட மேசைக்கு முன்னால் நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தொலைபேசி வந்த நேரம், நெட்டை கேட்டது, தான் சொன்ன பதில். எத்தனை பேர் வகுப்பில் இருந்தார்கள், வார்டில் எத்தனை கட்டில், மாற்று ஆள் கேட்டுத் தான் எழுதிய மூன்று கடிதங்களின் தேதி. ஆஸ்பத்திரி தரப்பு வக்கீல், இத்தனை மாதம் இதை ஏன் மறைத்தீர்கள், தோழியைக் காப்பாற்ற இப்போது ஜோடித்தீர்களா என்று குடைந்தார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றாள். உள் தொலைபேசிக்குப் பதிவு கிடையாது. அன்று ஆண்கள் வார்டிலிருந்து வகுப்புக்கு வந்த மூன்று பேரில் இரண்டு பேர் எதுவும் நினைவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சரக்குப் பிரிக்கவேண்டிய அந்த நர்ஸ் மட்டும் வந்து, கொஞ்சம் சமாளி என்று மேடம் சொன்னதைக் காதால் கேட்டேன் என்றாள். அவளைக் கறார் வரச் சொல்லவில்லை. வருவாள் என்றும் நினைக்கவில்லை.

வெளியே நடைபாதையில் வேன் ஓட்டியவரின் மனைவி நின்றிருந்தாள். அவளுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். உள்ளே பேசியதை முழுக்கக் கேட்டிருந்தாள். பிள்ளையை அணைத்துப் பிடிக்கிற மாதிரி கைப்பையைப் பிடித்துக்கொண்டு கறாரின் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க ஒருத்தர அனுப்பியிருந்தா அவரு இருந்திருப்பாரா?”

கறார் சுற்றி வளைக்கவில்லை. “இருந்திருப்பாருன்னுதான் நெனைக்கிறேன்.”

அந்தப் பெண் ஏதோ திட்டப்போகிறாள் என்று கறாரின் கணவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவள் திட்டவில்லை. இவ்வளவு நாள் அந்த உயரமான அம்மாவை மட்டும்தான் சபித்துக்கொண்டிருந்தேன் என்றாள். இனி அதை எப்படிப் பங்கு பிரிப்பது என்று தெரியவில்லை என்கிற மாதிரி, உள்ளேயிருந்து வந்து நின்ற நெட்டையின் முகத்தையும் கறாரின் முகத்தையும் பார்த்தாள். பிறகு பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போனாள்.

பெயரை அடித்ததை ரத்து செய்து, இரண்டு வருடத் தடையாகக் கவுன்சில் மாற்றியது. போதிய ஆள் இல்லாமல் வார்டு நடந்ததற்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதம் வந்ததும் நான்கு மாதம் பிற்பகலில் வார்டுக்கு மூன்று நர்சுகள் போட்டார்கள். ஐந்தாம் மாதம் பழையபடி இரண்டு. வகுப்பு நாளில் ஒன்று.

விசாரணையில் உண்மையை மறைத்தார் என்று கறாரைக் கண்காணிப்பாளர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதில் பொய் இல்லை, அவள் மறுக்கவும் இல்லை. அடித்தளத்தில் இருக்கும் கிருமி நீக்கப் பிரிவுக்கு மாற்றினார்கள். நோயாளி முகமே தெரியாத இடம். கத்தரியும் இடுக்கியும் கூடை கூடையாக வரும், கழுவி, எண்ணி, துணியில் கட்டி ஆவி இயந்திரத்துக்குள் தள்ளவேண்டும். ஜன்னல் கிடையாது. கோடையில் யூனிஃபார்ம் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே இருந்த மூன்று ஊழியர்களும் முதல் வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுடு கூடையை வெறுங்கையால் தொட்டு உள்ளங்கை கொப்பளித்த அன்று ஒருத்தி ஐஸ் கொண்டுவந்து கொடுத்தாள்.

வியாழக்கிழமை வகுப்பைப் புதுக் கண்காணிப்பாளர் எடுத்தார். இரண்டாவது நீல நோட்டு வகுப்பறை அலமாரியில் இருந்தது, சோதனைக் குழு வந்தால் காட்டுவதற்கு. கறார் ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். தேதிவாரியாக ஒரே கையெழுத்தில், விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது என்று நிரப்பியிருந்தார்கள்.

எலும்பு வார்டு நர்ஸ் வேலையை விட்டுவிட்டாள். துணிக்கடையில் நிற்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

தடை முடிந்த மாதம், பிற்பகல் மூன்று மணி அளவில், கறாரின் போனுக்கு நெட்டையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பேர் திரும்ப ஏத்திட்டாங்க, வெளியூர்ல டயாலிசிஸ் சென்டர்ல வேலை கெடச்சிருக்கு, நாளைக்குக் கெளம்புறேன். அவ்வளவுதான். கறார் கையுறையைக் கழற்றிவிட்டு நின்று வாசித்தாள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேட்கலாமா என்று யோசித்தாள். இயந்திரம் வேலை முடிந்ததென்று கத்த ஆரம்பித்தது. போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கூடைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள், மொத்தம் பதினாறு. அவற்றில் ஆறு, ஆண்கள் வார்டு உடனே வேண்டும் என்று கேட்டிருந்தவை.